நூற்றுக்கு மூன்று குறைகிறது, மாப்பிள்ளை

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கே நீங்களும் என் மகளும் சுகமாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். எவ்வளவு கோபம் இருந்தாலும் அந்த விருப்பத்தில் நான் குறை வைப்பதில்லை. என் அக்காவும் சுகம்தான், ஆனால் ஐந்து நாளாக என்னோடு பேசவில்லை. அக்கா தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸுகள் சுகமா என்று நீங்கள் கேட்டால், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதை உங்கள் இணையப் பக்கத்திலேயே எழுதியிருக்கலாம். அங்கே எழுதினால் ‘முடிந்தது’ என்று போட்டு நீங்கள் மூடிவிடுகிறீர்கள். ஆறு முறை புகாரைத் திறந்தேன், ஆறு முறை மூடினீர்கள். தபாலில் வரும் கடிதத்தைத் திறக்கத்தான் முடியும், மூட முடியாது. அதனால் தபால். நீங்கள் அறிந்த விஷயங்களும் இதில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். புகார் என்றால் முதலிலிருந்து எழுத வேண்டும் என்பது எங்கள் துறையின் பழக்கம்.

முப்பத்தொரு வருடம் எடையளவு ஆய்வாளராக இருந்தவன் நான். தராசுத் தட்டின் அடியில் ஒட்டியிருந்த காந்தத்தைக் கண்டுபிடித்தவன். துணிக்கடையின் மீட்டர் கோல் நுனி தேய்ந்திருப்பதை வாசலில் நின்றே சொன்னவன். கடைக்காரர்கள் எனக்கு வைத்திருந்த பெயர் ‘மில்லி’. ஒரு மில்லிமீட்டர்கூட விடமாட்டான் என்பதற்காக வைத்த பெயர். திட்டுவதற்காக வைத்தார்கள், நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். ஓய்வு பெற்ற அன்று பித்தளை மீட்டர் கோல், எஃகு அளவுகோல், எடைக்கற்கள், முத்திரை அச்சு எல்லாவற்றையும் எண்ணி ஒப்படைத்து, ரசீது வாங்கிக்கொண்டு, வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். என் வீட்டில் ஓர் அடி ஸ்கேல்கூடக் கிடையாது. அதை இன்றும் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

கம்ப்யூட்டர் நிரல் எழுதுவது எனக்கு யாரும் சொல்லித் தந்ததல்ல. பழைய புத்தகக் கடையில் ஒரு புத்தகம் வாங்கினேன். அதில் முதல் நாற்பது பக்கம் இல்லை. ஆகவே நாற்பத்தோராம் பக்கத்திலிருந்து கற்றுக்கொண்டேன். அந்த நாற்பது பக்கத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, தேவையும் படவில்லை. இரண்டு வருடம் உட்கார்ந்து, அக்காவின் தையல் கடைக்கென்று ஒரு நிரல் எழுதினேன். ஆளின் பதினான்கு அளவுகளைக் கொடுத்தால், முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப்பட்டி எல்லாவற்றுக்கும் கோடு போட்டு, சாதாரணத் தாள்களில் துண்டு துண்டாக அச்சடித்துக் கொடுத்துவிடும். தாள்களை ஒட்டி, துணிமேல் வைத்து வெட்ட வேண்டியதுதான். அக்கா பழுப்புத் தாளை விரித்து, தையல் சாக்பீஸால் வரைந்து, ஓர் ஆளுக்கு ஒரு மணி நேரம் குனிந்து நிற்பாள். அந்த முதுகுக்காகத்தான் எழுதினேன். இதை நான் அவளிடம் சொன்னதில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

அச்சடிக்கும் பகுதியையும் நானே எழுதப் பார்த்தேன். பிரின்டர் ஒரு தாளுக்கு ஓர் எழுத்து வீதம் இருநூறு தாளைத் துப்பியது. உங்கள் அத்தை இன்றும் அந்தத் தாள்களின் பின்பக்கத்தில்தான் மளிகைச் சீட்டு எழுதுகிறாள். அப்போது நீங்கள் இங்கே வந்திருந்தீர்கள். சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொன்னீர்கள், “மாமா, பிரின்டிங்க மட்டும் நீங்களே எழுதாதீங்க. தாள் அளவு, ஓரம், பிரின்டருக்குப் பிரின்டர் வித்தியாசம், அது ஒரு பெரிய தலைவலி. நாங்க எழுதி வச்ச லைப்ரரி இருக்கு, ரெடிமேடா எழுதின நிரல்தான், எடுத்துப் போட்டுக்குங்க.” நீங்களும் உங்களைப் போன்ற ஏழெட்டுப் பேரும் சம்பளம் இல்லாமல், ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டு எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று இணையத்தில் திறந்து வைத்திருக்கும் லைப்ரரி. நல்ல காரியம். எடுத்துப் போட்டேன். மாப்பிள்ளை வீட்டுப் பொருளைச் சோதித்துப் பார்ப்பது மரியாதை இல்லை என்று சோதிக்காமல் போட்டேன். முப்பத்தொரு வருடத்தில் நான் முத்திரை போடாமல் உள்ளே விட்ட ஒரே சரக்கு அதுதான்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து நாற்பது நர்ஸுகளுக்குச் சட்டை தைக்கும் வேலை வந்தது. இவ்வளவு பெரிய வேலை அவள் கடைக்கு வந்ததே இல்லை. ஒரே நாளில் நாற்பது பேரையும் வரிசையில் நிற்க வைத்து அளந்தாள். அந்த மஞ்சள் டேப் உங்களுக்கு நினைவிருக்கும். பத்தொன்பது வருடமாக அக்காவின் கழுத்தில் கிடக்கிறது. துணிக் கட்டைக் கட்டுவதும் அதனால்தான், சிக்கிக்கொண்ட மேசை இழுப்பறையைப் பிடித்து இழுப்பதும் அதனால்தான். “அக்கா, அதைக் கழட்டி வச்சுட்டுத் தூங்கலாம்ல” என்று ஒருநாள் கேட்டேன். “உன் மூக்குக்கண்ணாடிய நீ கழட்டிட்டுத் தேடற மாதிரி நான் தேட முடியாது” என்றாள். அவள் அளவைச் சொல்லச் சொல்ல நான் கம்ப்யூட்டரில் அடித்தேன். முதலில் பன்னிரண்டு பேருக்கு அச்சடித்து, வெட்டி, தைத்து, அனுப்பினோம்.

பன்னிரண்டு சட்டையும் இறுக்கம். ஆனால் அது எங்களுக்கு உடனே தெரியவில்லை. ஏனென்றால் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொருத்தியும் தான் மட்டும் பெருத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு வேலை பார்த்திருக்கிறாள். ஒரு வாரத்தில் அந்த ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர் அறை முன்னால் நோயாளிகளைவிட நர்ஸுகள் கூட்டம் அதிகமாகிவிட்டது. அந்தப் பெண் ஆறு வருடமாக யாரும் கேட்காத அறிவுரையை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தவள். திடீரென்று எல்லோரும் கேட்கிறார்கள். சர்க்கரையை நிறுத்து என்றால் நிறுத்துகிறார்கள், லிஃப்ட் வேண்டாம் என்றால் ஐந்தாவது மாடிக்குப் படியேறுகிறார்கள். கேன்டீனில் கேக் மூன்று நாள் அப்படியே காய்ந்து கிடந்ததாம். ‘பணியாளர் ஆரோக்கியத்தில் முன்னேற்றம்’ என்று அறிவிப்புப் பலகையில் அவள் படத்தைப் போட்டுவிட்டார்கள். மாப்பிள்ளை, அந்தப் படத்துக்குப் பின்னால் இருப்பது உங்கள் லைப்ரரி.

உண்மையைச் சொன்னவர் மேட்ரன் ஒருவர்தான். தலைமை நர்ஸ், இருபது வருடமாக ஒரே எடை, ஒரே உடம்பு, ஒரே கொண்டை. அந்த ஆஸ்பத்திரியில் திருத்தமான அளவு என்று எதையாவது முத்திரை போடச் சொன்னால் நான் அந்த அம்மாவுக்குத்தான் போடுவேன். அவர் கடைக்கு வந்து, இரண்டு கையையும் மேலே தூக்கினார். பாதி வழியில் நின்றுவிட்டது.

“இதுக்கு மேல போகல பாருங்க. பலகையில பேர் எழுத ஆளக் கூப்பிட வேண்டியிருக்கு.”

“கொஞ்சம் சதை போட்டிருக்கும்” என்றேன் நான், பக்கத்தில் நின்றவன்.

“சார், நான் போடல. உங்க சட்டைதான் குறைச்சிருக்கு.”

குறைச்சிருக்கு. அந்த வார்த்தையை நான் எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறேன். என்னைப் பார்த்து ஒருவர் சொன்னது அன்றுதான்.

அக்கா முதலில் துணியைச் சந்தேகப்பட்டாள். ஒரு துண்டைத் துவைத்து, காயவைத்து, தேய்த்துப் பார்த்தாள். சுருங்கவில்லை. அடுத்து நூலைச் சந்தேகப்பட்டாள், அடுத்து மெஷினை. அப்புறம் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் நேர்மையானவன். “இரு அக்கா, சோதிச்சுப் பாக்கறேன்” என்று நூறு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரே ஒரு கோடு அச்சடிக்கச் சொல்லி நிரலுக்குக் கட்டளை கொடுத்தேன். நான்கு தாளில் வந்தது. பார்த்துப் பார்த்து ஒட்டினேன். அக்கா கழுத்திலிருந்த டேப்பை வாங்கி அளந்தேன். தொண்ணூற்றேழு. மறுபடி அளந்தேன், தொண்ணூற்றேழு. அக்காவை அளக்கச் சொன்னேன். “தொண்ணூத்தேழுதான் வருது, நூறுன்னு சொல்லவா” என்றாள். நூற்றுக்கு மூன்று. நூறு கிராமுக்கு மூன்று கிராம் குறைத்த கடைக்காரனின் தராசை நான் சாட்சிகளை வைத்துப் பறிமுதல் செய்திருக்கிறேன், மாப்பிள்ளை. அவன் கையெடுத்துக் கும்பிட்டான். நான் இளகவில்லை.

உடனே உங்கள் பக்கத்தில் புகார் எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் முறையாகப் போட்டு மூன்று பக்கம். பதினோரு நிமிடத்தில் உங்கள் பதில் வந்தது. “மாமா, இங்க நூறு நூறாத்தான் வருது. நல்ல ஸ்டீல் ஸ்கேல் வச்சு ஒரு தடவை அளந்து பாருங்க.” அவ்வளவுதான். மூடிவிட்டீர்கள்.

நல்ல ஸ்டீல் ஸ்கேல். எனக்கு. மீன் பிடிக்கிறவனிடம் போய் தண்ணீர் ஈரமாக இருக்கும் என்று சொன்ன மாதிரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகவே ஸ்டீல் ஸ்கேல் வாங்கக் கூடாது என்று முடிவெடுத்தேன். தெருமுனையில் எழுதுபொருள் கடை இருக்கிறது, கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகத் தொங்குகிறது. தினமும் அதைக் கடந்துதான் நடக்கப் போகிறேன். திரும்பிப் பார்ப்பதில்லை.

புகாரைத் திறந்தேன், மூடினீர்கள். திறந்தேன், மூடினீர்கள். நடுவில் முகத்துக்குப் பதில் பூனைப் படம் வைத்திருக்கும் யாரோ ஒருவர் வந்து, “நானும் அளந்தேன், சரியாக நூறு” என்று எழுதினார். உங்கள் அளவுகோலின் முத்திரை எண் என்ன, கடைசியாகச் சோதிக்கப்பட்ட தேதி என்ன என்று கேட்டேன். அவரிடமிருந்து இன்றுவரை பதில் இல்லை. இப்படிப்பட்ட சாட்சிகளை நம்பித்தான் நீங்கள் தீர்ப்பு எழுதுகிறீர்கள். அதற்குள் என் மகளிடமிருந்து ஃபோன்.

“அப்பா, அவர் சாப்பிட உக்காந்தா ஃபோன் சத்தம் போடுது. எடுத்துப் பாத்தா நீங்க. கதவ இப்படித் தெறந்து தெறந்து மூடினா கீல் கழண்டுடும்பா.”

“நான் மாமனாரா பேசலம்மா. அதைப் பயன்படுத்தற ஒரு ஆளா பேசறேன்.”

“அப்ப எதுக்குக் கடைசியில ‘தங்கள் மாமனார், ஓய்வு பெற்ற ஆய்வாளர்’னு கையெழுத்து?”

“உண்மைதானம்மா அது.”

“அவர் பாவம்பா. ‘மாமாகிட்ட எப்படிச் சொல்றது’ன்னு ஒரு வரிய நாலு தடவ அழிச்சு எழுதறாரு.”

நீங்கள் அழித்த நான்கில் எது உண்மையான பதில் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை உண்டு. கேட்கமாட்டேன்.

இங்கே அக்காவுக்கு வேலை நின்றுகொண்டிருந்தது. உங்கள் மனம் மாறும் வரை நர்ஸுகள் மூச்சை அடக்க முடியாது. ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை என் நிரலுக்குள் நானே ஒரு வரி போட்டேன். அச்சுக்குப் போகும் எல்லா அளவையும் நூற்றால் பெருக்கித் தொண்ணூற்றேழால் வகுக்கும் வரி. தராசு குறைத்தால் அந்தக் குறையை நானே நிரப்பிவிடுவது. சட்டப்படி இது தவறு. தராசைத்தான் திருத்த வேண்டும், சரக்கைக் கூட்டக் கூடாது. ஆனால் ஆபத்துக்குப் பாவம் இல்லை.

மறுநாள் புதன்கிழமை உங்கள் லைப்ரரியின் புது வெர்ஷன் வந்தது. அதில் புதிதாக ஒரு திரை. “சோதனைக் கோடு ஒன்றை அச்சடியுங்கள், அளந்து பாருங்கள், எவ்வளவு வருகிறது என்று இங்கே எழுதுங்கள், மீதியை லைப்ரரி பார்த்துக்கொள்ளும்.” எனக்குப் புரிந்துவிட்டது. வெளியில் ஒப்புக்கொள்ள மனமில்லாமல், உள்ளே திருத்தி வைத்திருக்கிறீர்கள். பெருந்தன்மைதான். உங்கள் அத்தையைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். “பாத்தியா, மாப்பிள்ளை இறங்கி வந்துட்டார்.” அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, “இதுல உங்க பேர் எங்கயும் இல்லயே” என்றாள். அவளுக்கு வரிகளுக்கு நடுவில் படிக்கத் தெரியாது. அதே டேப்பை வாங்கி அளந்தேன், தொண்ணூற்றேழு, எழுதினேன். சோதனைக் கோட்டை மறுபடி அச்சடிக்கச் சொன்னது. அளந்தேன். நூறு. டேப்பில் நூறு வந்ததும் எனக்குக் கண் கலங்கியது என்று சொன்னால் மிகையில்லை.

வியாழக்கிழமை அடுத்த பன்னிரண்டு சட்டைக்கு அச்சடித்தோம். கூடவே மேட்ரனுக்கும் புதிதாக ஒன்று. இங்கேதான், மாப்பிள்ளை, உங்களை நான் மன்னிக்க முடியாத இடம் வருகிறது. செவ்வாய்க்கிழமை நான் போட்ட வரி அங்கேயே இருந்தது. உங்கள் லைப்ரரி ஒரு மூன்று கூட்டியது, என் வரி ஒரு மூன்று கூட்டியது. புது வெர்ஷனோடு நீங்கள் வெளியிட்ட குறிப்பைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். அதில் பதினான்கு விஷயம் இருக்கிறது. ‘மாமா, நீங்கள் போட்ட வரியை எடுத்துவிடுங்கள்’ என்ற பதினைந்தாவது விஷயம் இல்லை. ஒருவனுடைய குறையை நிரப்புவதற்கு முன்னால், அவன் ஏற்கெனவே நிரப்பிக்கொண்டானா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

சட்டைகள் போய்ச் சேர்ந்தன. இந்த வரிசை நர்ஸுகளும் மற்றவர்களைப் பார்த்துப் படியேறி, கேக்கை விட்டு, இளைத்துப் போயிருந்தவர்கள். உடம்பு சிறுத்திருக்கிறது, சட்டை பெருத்திருக்கிறது. ஒருத்தியின் பாக்கெட் கிட்டத்தட்ட முழங்காலுக்கு வந்துவிட்டதாம், பேனா எடுக்கக் குனிகிறாள். இன்னொருத்தி ஊசி போடக் கையை நீட்டினால் சட்டைக் கைதான் முதலில் போய் நோயாளியைத் தொடுகிறது. அந்த நோயாளி, “உள்ள யாராவது இருக்கீங்களா” என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் சேர்ந்து உணவு ஆலோசகரிடம் போய், “எங்களை இப்படி ஒரேயடியா இளைக்க வச்சுட்டீங்களே” என்று சண்டை. அறிவிப்புப் பலகையிலிருந்து படத்தை எடுத்துவிட்டார்கள். கேன்டீனில் கேக் பத்து மணிக்கே தீர்ந்துவிடுகிறது.

மேட்ரன் மறுபடி வந்தார். இந்த முறை கை முழுவதும் மேலே போயிற்று. சட்டையும் கூடவே போயிற்று.

“போன மாசமும் இதே உடம்புதான், இந்த மாசமும் இதே உடம்புதான்” என்றார், அக்காவிடம். என்னைப் பார்க்கவே இல்லை.

அவர் போன பிறகு அக்கா உள்ளே போனாள். பழுப்புத் தாள் சுருளை எடுத்து வந்து மேசைமேல் விரித்தாள், நான்கு மூலையிலும் கத்தரிக்கோல் வைத்தாள். பிரின்டரைத் தூக்கித் தரையில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்து சாக்பீஸைச் சீவினாள். மாப்பிள்ளை, ஒரு மனிதனின் இரண்டு வருட உழைப்பின்மேல் இன்னொருவர் உட்காருவதைப் பார்த்திருக்கிறீர்களா?

“அக்கா, இது என் தப்பில்ல. லைப்ரரியோட தப்பு.”

“எனக்கு அந்த லைப்ரரிய யாருன்னே தெரியாது. எனக்குத் தெரிஞ்சது நீ.”

“மாப்பிள்ளை எழுதினது அது.”

“அவர் வீட்டுல உக்காந்திருக்காரு. அந்தம்மா முன்னாடி தலை குனிஞ்சு நின்னவ நான். பத்தொம்போது வருஷத்துல ஒருத்தி திரும்பி வந்து ‘பத்தல’ன்னு சொன்னதில்ல. உன் மெஷின் வந்துச்சு, ஒரே மாசத்துல பத்தல, அடுத்த மாசம் மிதக்குது.”

கடைசியில் இப்படி முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை மேட்ரனுக்கு ஒரே ஒரு சட்டை. கம்ப்யூட்டர் அச்சடித்த தாளை வைத்து வெட்டியது. அது பொருந்தினால் மீதி எல்லாமும் கம்ப்யூட்டரில். பொருந்தாவிட்டால் நாற்பதும் பழுப்புத் தாளில், குனிந்து நின்று. கம்ப்யூட்டரை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். “உன் ஆசைக்கு வீட்டுல வச்சு அச்சடிச்சுக்க” என்றாள். அன்றிலிருந்து பேச்சு இல்லை. தேநீர்கூட என் பக்கம் வைத்துவிட்டு மேசையில் ஒரு தட்டுத் தட்டுகிறாள், அவ்வளவுதான்.

ஆகவே, மாப்பிள்ளை, நான் கேட்பது அதிகமில்லை. லைப்ரரி நூற்றுக்கு மூன்று குறைத்தது உண்மை என்று உங்கள் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி எழுத வேண்டும். பூனைப் படக்காரரும் அதைப் படிக்க வேண்டும். என் புகாரைத் திறந்து, திறந்தபடியே வைக்க வேண்டும். ஸ்டீல் ஸ்கேல் பற்றிய வரியை அழிக்க வேண்டும். இதெல்லாம் நடக்கும் வரை அடுத்த மாதம் நாங்கள் அங்கே வந்து தங்குவதாக இருந்தது நடக்காது. உங்கள் அத்தை தனியாக வருவதாகச் சொல்கிறாள், பெட்டியும் கட்டிவிட்டாள். நான் வரமாட்டேன். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கோபத்தைக் கடிதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன், உங்கள்மேல் இல்லை. உங்கள் கை தொட்ட வேலையெல்லாம் நல்லபடி முடியட்டும். என் மகளும் நீங்களும் மனம் கோணாமல், வயிறு குறையாமல், நீண்ட காலம் வாழ்க. உங்கள் பெற்றோருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பூனைப் படக்காரருக்குச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்,
எடையளவு ஆய்வாளர் (ஓய்வு)

பின்குறிப்பு: மேலே உள்ளது புதன்கிழமை எழுதியது. இன்று சனிக்கிழமை. முறையாக எழுதிக் கையெழுத்திட்ட புகாரைக் கிழிக்க எனக்கு அதிகாரம் கிடையாது என்பதால் அப்படியே அனுப்புகிறேன். நீங்கள் அதைப் படித்திருக்காவிட்டால் படிக்க வேண்டாம். படித்துவிட்டிருந்தால் மறந்துவிடவும்.

வியாழக்கிழமை மேட்ரன் அளவு கொடுக்க வந்தார். அக்கா மார்பைச் சுற்றி அளந்து “தொண்ணூத்தாறு” என்றாள். மேட்ரன், “தொண்ணூத்தொம்போது” என்றார். “இல்லம்மா, தொண்ணூத்தாறு.” “இருபது வருஷமா தொண்ணூத்தொம்போதும்மா நான்.” சொல்லிவிட்டு, பிறந்த குழந்தைகளை அளக்க வைத்திருக்கும் ஆஸ்பத்திரி டேப்பைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் போட்டார். நான் இரண்டு டேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி, நுனிக்கு நுனி வைத்தேன். ஆஸ்பத்திரி டேப் நூறு காட்டிய இடத்தில் அக்காவின் டேப் தொண்ணூற்றேழு காட்டியது. பத்தொன்பது வருடம் மேசை இழுப்பறையை இழுத்த டேப், மாப்பிள்ளை. நீண்டு போயிருக்கிறது. முப்பத்தொரு வருடம் ஊரிலுள்ள அளவுகோலையெல்லாம் சோதித்தவன், முத்திரை இல்லாத டேப்பை வைத்து உங்கள் லைப்ரரியின்மேல் வழக்குப் போட்டிருக்கிறேன்.

அக்காதான் முதலில் பேசினாள், ஐந்து நாளுக்குப் பிறகு. “அப்ப இத்தன வருஷம் எப்படிடா எல்லாருக்கும் சரியா இருந்துச்சு?” சொன்னேன். உடம்பை அளந்ததும் இதே டேப், பழுப்புத் தாளில் கோடு போட்டதும் இதே டேப். இரண்டு பக்கமும் ஒரே அளவு நீண்டதால் கணக்கு நேராகிவிட்டது. நடுவில் கம்ப்யூட்டர் வந்து உண்மையான சென்டிமீட்டரைக் கொண்டு வந்ததுதான் வம்பு. அக்கா யோசித்தாள். “அப்ப என் டேப் சரி. உன் மெஷின்தான் என் டேப் பேச்சக் கேக்கல.”

சட்டப்படி அந்த டேப்பைச் சாட்சிகள் முன்னால் வெட்டி எறிய வேண்டும். கத்தரிக்கோலைக் கையில் எடுத்தும்விட்டேன். அக்கா அலமாரியைத் திறந்து காட்டினாள். பத்தொன்பது வருட அளவு நோட்டுகள், அடுக்கடுக்காக. “எல்லாம் இந்த டேப்பால எடுத்தது. இத வெட்டிட்டா அத்தன பேரையும் நீ போய் அளந்துட்டு வா.” கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். என் வாழ்க்கையில் நான் விட்டுக்கொடுத்த முதல் பறிமுதல்.

அதனால் உங்கள் சோதனைத் திரையில் எழுதிய தொண்ணூற்றேழை அழித்து நூறு என்று எழுதிவிட்டேன். செவ்வாய்க்கிழமை போட்ட என் வரியை மட்டும் வைத்துக்கொண்டேன், அக்காவின் டேப் அளவை உண்மையான சென்டிமீட்டராக மாற்ற அது ஒன்றே போதும். வெள்ளிக்கிழமை சட்டை தயார். மேட்ரன் இரண்டு கையையும் தூக்கினார், இறக்கினார், சுவரில் இல்லாத பலகையில் ஏதோ எழுதிக் காட்டினார். “நான் அப்பவே சொன்னேன்” என்றார். பிரின்டர் மேசைமேல் ஏறிவிட்டது. அக்கா அதற்குத் துணியால் ஓர் உறை தைத்துப் போட்டிருக்கிறாள். அளவு கச்சிதம்.

புகாரை நானே மூடிவிட்டேன், போய்ப் பார்க்கலாம். மகளுக்கு விவரம் தெரிய வேண்டாம். அடுத்த மாதம் இருவருமே வருகிறோம். நிற்க, உங்கள் பக்கத்தில் இன்று புதிய கோரிக்கை ஒன்று திறந்திருக்கிறேன். லைப்ரரியில் அளவைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் மில்லிமீட்டர், சென்டிமீட்டர், அங்குலம் மூன்றுதான் இருக்கின்றன. நான்காவதாக ‘அக்கா’ என்று ஒன்று சேர்க்க வேண்டும். ஓர் அக்கா என்பது ஒன்று புள்ளி பூஜ்யம் மூன்று சென்டிமீட்டர். நல்ல ஸ்டீல் ஸ்கேல் வாங்கி, வைத்து அளந்துதான் சொல்கிறேன். மூடிவிடாதீர்கள்.